உறைபனிக் காலையில் எது மக்கர் செய்தால் என்ன செய்வது

கோபி, பொள்ளாச்சி, தாராபுரம், திருப்பூர் என்று கொங்குச் சமவெளியிலிருந்து மார்கழியிலும் தையிலும் உறைபனி பார்க்க உதகைக்கு ஏறி வருகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கும் அந்தச் சமயத்தில் சொந்தபந்தம் வரும். ஊரில் குளிர் என்றால் தலையில் ஒரு துண்டைச் சுற்றினால் தீர்ந்தது. இங்கே அது வண்டி, அடுப்பு, குழாய், குழந்தையின் விரல் என்று எல்லாவற்றிலும் ஒரே காலையில் கைவைக்கும். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர், உதகை 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஊரில் விடிகாலை 17 டிகிரி என்றால் இங்கே 5 டிகிரி. தெளிந்த இரவாக இருந்தால் புல்வெளியில் அதற்கும் கீழே போகும்.

குளிரால் நின்றுபோகிற பொருள்களில் முக்கால்வாசி, வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். ஒன்பது மணிவரை பொறுத்தால் போதும். காயமும் செலவும், சில சமயம் உயிர்ச்சேதமும் வருவது, பொறுக்காமல் அவசரச் சூடு கொடுக்கும்போதுதான். அதனால் ஒவ்வொரு தொல்லைக்கும் என்ன செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வேறு எதைப் படிக்காவிட்டாலும் முதல் பகுதியை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

அறையில் இருக்கிற எல்லோருக்கும் தலைவலி, ஒரே தூக்கக் கலக்கம்

ராத்திரி அறைக்குள் கரி அடுப்போ குமுட்டியோ இரும்புச் சட்டியில் தணலோ வைத்திருந்தீர்களா? அப்படியானால் காரணத்தைத் தேட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு. உடனே செய்ய வேண்டியது:

1. கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். ஸ்வெட்டர் தேடி நிற்க வேண்டாம். வெளியே வந்தபின் போர்வை போர்த்திக்கொள்ளலாம்.
2. தூங்குகிறவரை எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால், உளறினால், தள்ளாடினால், 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் இழுத்து வாருங்கள். உள்ளே நின்று தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால் நீங்களும் விழுந்துவிடுவீர்கள்.
3. வெளிக்காற்றில் தலைவலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் கட்டாயம் போக வேண்டும். ஆக்சிஜன் கொடுப்பதுதான் வைத்தியம். அது வீட்டில் கிடையாது.

விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது 98 என்று காட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து ஆட்களுக்குத் தணல் பழகிய பொருள். புகை வந்தால் ஆபத்து, புகை அடங்கிக் கங்காகிவிட்டால் ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஊரில் வாசலிலும் களத்திலும் தீ மூட்டிக் குளிர் காய்ந்தவர்கள் அப்படி நினைப்பது இயல்புதான். அங்கே நாலு பக்கமும் காற்று. இங்கே குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியும் செருகிவிடுகிறோம். புகையில்லாமல் சிவந்து கிடக்கிற கங்கிலிருந்துதான் இந்த வாயு நிறைய வருகிறது. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் வயிற்றைப் புரட்டல், அப்புறம் தூக்கம். மலை ஏறிவந்த அசதி என்று நினைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போனதுண்டு. மலைப் பகுதிகளில் இப்படி உயிர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மலை ஏறிய அசதியா, விஷ வாயுவா என்று எப்படிப் பிரிப்பது? அசதி ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். வாயு என்றால் ஒரே அறையில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வரும். வெளியே வந்தால் குறையும், திரும்ப உள்ளே போனால் கூடும். 2,240 மீட்டர் உயரத்தில் ஆரோக்கியமான ஆளுக்குக் கடுமையான மலை நோய் வருவது அபூர்வம். அதனால் சந்தேகம் வந்தாலே வாயு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. தணல் அறைக்குள் வரவே கூடாது. தங்குமிடத்தில் யாராவது அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் முற்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே சுற்றி உட்கார்ந்து பேசுங்கள், சோளம் சுடுங்கள், படுக்கப் போகும்போது அடுப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும், மூடிய ஷெட்டுக்குள் ஓடுகிற காரும் இதே வாயுவைத்தான் விடும்.

தணல் இல்லாமல் எப்படித் தூங்குவது? தரையிலிருந்து ஏறுகிற குளிரைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மேலே நாலு போர்வை போட்டுவிட்டுக் கீழே வெறும் மெத்தை விரிப்போடு படுத்தால் விடிய விடிய முதுகு சில்லிடும். வரும்போது ஒரு பவானி ஜமுக்காளம் எடுத்து வாருங்கள். அதை இரண்டாக மடித்து அடியில் விரித்து, மேலே ஒரு சென்னிமலைப் போர்வை, அதற்கு மேல் கம்பளி. வெந்நீர்ப் பை இருந்தால் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். சின்னக் குழந்தை படுக்கையில் மட்டும் வேண்டாம்.

விடிந்து பார்த்தால் புல் பச்சையாகவே இருக்கிறது, பனியைக் காணோம்

குழந்தைகள் அழுகிற தொல்லை இதுதான். உறைபனி மழைபோல மேலிருந்து விழுவதில்லை. ராத்திரி தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் புல்நுனியில் படிந்து அப்படியே உறைகிறது. வானத்தில் மேகம் இருந்தால் அது அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். காற்று வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே கலக்கிவிடும். இரண்டில் ஒன்று இருந்தாலும் பனி பிடிக்காது.

ஆகவே முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, மர இலை அசையாமல் இருந்தால் அலாரம் வையுங்கள். மேகம் மூடியிருந்தால் குழந்தைகளை நன்றாகத் தூங்க விடுங்கள். நவம்பரில் வந்தால் பெரும்பாலும் நீர்ப்பனிதான் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிகிற டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி முழுக்க உறைபனிக்கு நல்ல வாய்ப்பு. பிப்ரவரியிலும் சில நாள் விழும்.

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். அதனால் தொட்டபெட்டா உச்சிக்குப் போனால்தான் பனி கிடைக்கும் என்பது தவறான கணக்கு. தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி மாதிரி மரமில்லாத தாழ்ந்த புல்வெளிகளில்தான் வெள்ளை விரிப்பாகப் பிடிக்கும். மரத்தடியில் இருக்காது. செய்தியில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று வந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அது தரைக்கு மேலே நிழலில் வைத்த கருவி காட்டுவது; புல்மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும்.

ஜனவரியில் சூரியன் ஆறே முக்கால் வாக்கில் எழும். ஆறே காலுக்கு அங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம். வெயில் பட்ட இடம் கண்ணெதிரே கரையும், எட்டு எட்டரைக்கு மேல் நிழலில் மட்டும் மிச்சமிருக்கும். குழந்தையை ஒரு புல் கீற்றின் பக்கத்தில் குனியச் சொல்லுங்கள். விளிம்பு முழுக்கச் சர்க்கரைத் தூள்போல ஊசி ஊசியாக நிற்கும்; மூச்சுப் பட்டால் முதலில் நுனி ஊசிகள் சாய்ந்து, ஒரு சொட்டாகத் திரண்டு, கீற்றின் நடு நரம்பு வழியே இறங்கும். வண்டியின் மேல் படிந்ததை விரலால் சுரண்டி விளையாடட்டும். தோட்டக்காரர்களின் கேரட், பீட்ரூட் பாத்திக்குள் மட்டும் இறங்க விடாதீர்கள். உறைந்த இலையை மிதித்தால் ஒடிந்து கருகிவிடும். பனியால் ஏற்கெனவே நஷ்டப்படுகிறவர்கள் அவர்கள்.

கோவையிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி விடிகாலையில் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். கல்லாறு, பர்லியார் வழியில் யானை நடமாட்டம், மூடுபனி, தூங்காத டிரைவர். வேண்டாம். முந்தின நாள் பகலில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஏறி வந்து தங்குங்கள்.

கார் கண்ணாடி வெள்ளையாக உறைந்திருக்கிறது

கெட்டிலில் கொதித்த தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். சில்லிட்ட கண்ணாடியில் வெந்நீர் பட்டால், சின்னக் கல்லடித் தழும்பு இருந்தாலும் அதிலிருந்து ஒரு கோடு ஓடிவிடும். வைப்பரையும் போடாதீர்கள். ரப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் கிழியும், மோட்டாரும் போகும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, மெதுவாகச் சூட்டைக் கூட்டுங்கள். பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டையால் மேலிருந்து கீழாகச் சுரண்டினால் வழித்துக்கொண்டு வரும். கத்தி, ஸ்டீல் ஸ்கேல் எல்லாம் கோடு போடும். குழாய்த் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றியவுடன் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் உறைந்துகொள்ளும். முந்தின ராத்திரியே ஒரு பழைய பெட்ஷீட்டையோ சாக்கையோ கண்ணாடி மேல் போட்டு, வைப்பரைத் தூக்கி நிறுத்தியிருந்தால் இந்த வேலையே இல்லை.

வெளியே தெளிந்தபின் உள்பக்கம் மூடிக்கொண்டால் அது எல்லோருடைய மூச்சின் ஈரம். ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள், வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி பட்டனை மாற்றுங்கள். குளிரில் ஏசியா என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வரும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் என்று சொல்லுங்கள்.

சாவி திருகினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம்

பேட்டரி. குளிரில் உள்ளே நடக்கிற ரசாயன வேலை மந்தமாகும், அதே நேரம் கெட்டியான ஆயிலைச் சுற்ற இன்ஜின் கூடுதல் பலம் கேட்கும். ஊரில் மூன்று நாலு வருஷமாகப் பிரச்சினையில்லாமல் ஓடிய பேட்டரி இங்கே ஒரே ராத்திரியில் காலை வாரும்.

லைட், ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். கிளட்சை முழுக்க மிதியுங்கள். டீசல் வண்டி என்றால் சுருள் மாதிரி எரிகிற விளக்கு அணையும்வரை காத்திருங்கள். அவசரக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். ஐந்தாறு விநாடி செல்ஃப் அடியுங்கள், பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிஷம் விட்டு அடுத்தது. தொடர்ந்து அடித்தால் இருக்கிற கொஞ்சமும் போகும். நாலைந்து தடவைக்கு மேல் பிடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். வெயில் வந்து பானெட் சூடானதும் பல வண்டிகள் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அவசரமாகக் கிளம்பியாக வேண்டும் என்றால் ஜம்பர் கேபிள். சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள், மறுமுனையை நல்ல வண்டியின் பிளஸ்ஸில். கறுப்பு ஒயரை நல்ல வண்டியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள், பேட்டரியில் அல்ல. கழற்றும்போது தலைகீழ் வரிசை. சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்வது மலையில் கூடவே கூடாது. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டியரிங் லேசில் திரும்பாது.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழைய வண்டி என்றால் ஏறுவதற்கு முன்பே கூலன்ட் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

அடுப்பு சிம்மில் வைத்த மாதிரி எரிகிறது, சிலிண்டர் காலியாகவில்லை

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். நம் வீட்டு கேஸில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் கொதிப்பது ஏறத்தாழ பூஜ்ய டிகிரியில். உறைபனிக் காலையில் வெளியே வராந்தாவில் நிற்கிற சிலிண்டரில் பியூட்டேன் எழும்பாது. கடைசிக் கால்பங்கு கேஸ் இருக்கும்போது இது இன்னும் மோசம்.

சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் இறக்குவது, மேலே கொதிநீர் ஊற்றுவது, பக்கத்தில் விறகு மூட்டுவது, படுக்கப் போடுவது இவை நாலும் வேண்டாம். முதல் மூன்றில் உள்ளே அழுத்தம் எகிறும். நாலாவதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்கு வந்து தீ பொங்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரைச் சமையலறைக்குள் கொண்டுவந்து நிறுத்தி வையுங்கள். அறையின் சூட்டிலேயே மெல்லச் சீராகும். ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டியபின் ஒரே பர்னரில் சமையுங்கள். இரண்டையும் போட்டால் வேகமாக ஆவியாகி சிலிண்டர் இன்னும் குளிர்ந்துபோகும்.

அடுப்பு நன்றாக எரிந்தும் பருப்பு வேகாவிட்டால் அது வேறு கணக்கு. இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கிடக்கும். குக்கர்தான் வழி. அரிசியும்பருப்பு சாதத்துக்கு ஊரில் மூன்று விசில் என்றால் இங்கே ஒன்றிரண்டு சேர்த்து வையுங்கள், தண்ணீரும் அரை டம்ளர் கூட. கொள்ளை முந்தின ராத்திரியே வெந்நீரில் ஊறப்போட்டால்தான் காலையில் ரசம் வைக்க முடியும். கொள்ளு ரசம் இந்தக் குளிருக்கு உண்மையாகவே ஒத்துப்போகிற சாப்பாடு. மிளகு தூக்கலாகப் போட்டு டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

மாவு பொங்கவில்லை, தயிர் உறையவில்லை, எண்ணெய் உறைந்துவிட்டது

மாவு புளிக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும். இங்கே ராத்திரி சமையலறையே 10 டிகிரிக்கு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஒரு அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு ராத்திரி போதாது, மறுநாள் மதியம்வரை விடுங்கள். இரண்டு நாள் தங்க வருகிறவர்கள் ஊரிலேயே புளித்த மாவைக் கொண்டுவருவது நல்லது, வழியில் பொங்குவதற்கு இடம் விட்டுப் பாதிப் பாத்திரம் மட்டும். வந்ததும் இட்லி ஊற்றிவிடலாம். அப்படியும் இல்லை என்றால் சந்தகை பிழியுங்கள். அதற்குப் புளிப்பே தேவையில்லை.

தயிருக்குப் பாலை ஊரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் உறை ஊற்றி, உறைமோரையும் இரட்டிப்பாக்கி, ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு. கெட்டுப்போகவில்லை. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அடுப்பின் மேல் காட்ட வேண்டாம். வாயகன்ற பாட்டிலில் கொண்டுவந்தால் விரலால் வழித்தே உதட்டிலும் கன்னத்திலும் தேய்த்துக்கொள்ளலாம். வறண்ட காற்றில் தோல் வெடிக்காமலிருக்க அதுவே போதும்.

குழாயில் தண்ணீர் வரவில்லை

மொட்டை மாடியில் வெளியே ஓடுகிற மெல்லிய குழாய் என்றால் உறைந்திருக்கலாம். குழாயைத் திறந்தபடி விட்டு வெயிலுக்குக் காத்திருங்கள். தீப்பந்தம் காட்டினால் பிவிசி உருகும். ராத்திரி ஒரு பக்கெட் பிடித்து உள்ளே வைத்துவிட்டுப் படுங்கள்.

குழந்தையின் விரல் வலிக்கிறது என்று அழுகிறது, நகம் வெளுத்திருக்கிறது

பனியை அள்ளி விளையாடிய ஈரக் கையுறையைக் கழற்றுங்கள். அதுதான் பாதிக் காரணம். ஈரத்தைத் துடைத்து, குழந்தையின் கையை உங்கள் சட்டைக்குள் விட்டு வயிற்றோடோ அக்குளிலோ அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டும் என்றால் முழங்கையால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக மட்டும் இருக்கட்டும். தேய்க்கக் கூடாது, தீயருகே நீட்டக் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. குழந்தை சுடுகிறது என்று சொல்வதற்குள் கொப்புளம் வந்திருக்கும். கை சூடாகும்போது விறுவிறுவென்று வலித்து இன்னும் கொஞ்சம் அழும். அது ரத்த ஓட்டம் திரும்புகிற வலி, "சரியாப் போயிரும் சாமி" என்று சொல்லிப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்குப் பிறகும் மரத்தே இருந்தால், மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தை நடுங்கி நடுங்கி, அப்புறம் நடுக்கம் நின்று சோர்ந்து தூங்கப் பார்த்தால் அதை லேசாக எடுக்காதீர்கள். ஈரத்துணி மாற்றி, கம்பளியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உடுப்பில் ஒரு சேதி. தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய துணிகள் மூன்று நன்றாகக் காக்கும், இடையில் தங்கும் காற்றுதான் சூட்டைப் பிடிக்கிறது. திருப்பூர்க்காரர்கள் பழக்கத்தில் உள்ளே பருத்தி பனியன் போட்டுவருகிறார்கள். வேர்க்காதவரை நல்லது. ஓடியாடி வேர்த்தால் பருத்தி அந்த ஈரத்தை விடாது, உடம்பில் ஒட்டிக்கொண்டு சில்லிடும். குழந்தைக்கு மாற்றுப் பனியனும் மாற்றுக் காலுறையும் வண்டியிலேயே வைத்திருங்கள். காதை மூடுகிற குல்லா கட்டாயம்.

அப்பாருக்கு நெஞ்சு பிடிக்கிறது, அம்மிச்சிக்கு மூச்சு வாங்குகிறது

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊரில் விடிகாலை நடந்து பழகிய பெரியவர்கள் இங்கேயும் ஐந்து மணிக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். "வெயில் வரட்டுங்க அப்பாரு, அப்புறம் நானும் கூட வரேன்" என்று உட்கார வையுங்கள். மாத்திரை வேளை தவறக்கூடாது. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், உட்கார்ந்தும் மூச்சிரைப்பு அடங்காவிட்டாலும், கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்க்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையின் அடியில் வைக்காமல் உள்சட்டைப் பையில் வையுங்கள்; குப்பி சில்லிட்டால் மருந்து சரியாகப் பீய்ச்சாது.

மாமன் மச்சான்களுக்கும் ஒன்று. குளிருக்கு ஒரு பெக் போட்டால் சூடு என்பது தோலில் தெரிகிற சூடு மட்டும்தான். தோலின் ரத்தக் குழாய் விரிந்து உடம்பின் உள்சூடு வெளியே போய்விடும், நடுக்கமும் தெரியாமல் போகும். வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

ஃபோனில் 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிட்டது

குளிரில் லித்தியம் பேட்டரி மந்தமாகும். உள்பையில் உடம்போடு வையுங்கள், சூடானதும் மிச்ச சார்ஜ் திரும்ப வரும். சில்லிட்ட ஃபோனை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பியபின் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கின்றன

குளிரில் சுருங்கிய சின்ன ரத்தக் குழாய்கள் திடீரென்று சூடு பட்டதும் சமாளிக்க முடியாமல் வருகிற வீக்கம். கால் விரலிலும் காது மடலிலும்கூட வரும். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். சொறியாமல், உலர்ந்த காலுறை போட்டு, எண்ணெய் தடவி வாருங்கள். சர்க்கரை நோய் இருக்கிறவர்களும், கொப்புளமோ புண்ணோ வந்தவர்களும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அரிப்புக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் கால் வைத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும்.